அடிக்கிற இயந்திரமும் வெட்டுகிற இயந்திரமும்

கிண்ணத்தில் மாவை அடித்துப் பிசையும் ஸ்டாண்ட் மிக்சரா, பிளேடால் வெட்டி அரைக்கும் ஃபுட் ப்ராசஸரா என்று இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் முதலில் பார்ப்பது வாட் எண்ணை, அடுத்தது கிண்ணத்தின் அளவை, அதற்கும் அடுத்தது விலையை. மூன்றையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, வேறொன்றைக் கேட்டுப் பாருங்கள்: நீங்கள் அடிக்கடி சுடுகிற பண்டம் எதனால் உப்புகிறது?

வெண்ணெய் கேக் உப்புவதற்கு வெண்ணெய்க்குள் அடித்துச் சேர்த்த காற்று வேண்டும். பேக்கிங் பவுடர் அந்தக் காற்றுக் குமிழ்களைப் பெரிதாக்குகிறதே ஒழிய புதிதாக உண்டாக்குவதில்லை. ஸ்பாஞ்ச் கேக்கும், வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு அடித்துச் செய்யும் மெரிங்கும் முட்டை நுரையால் நிற்கின்றன. பிரெட்டில் ஈஸ்ட் விடும் வாயுவைப் பிடித்து வைப்பது இழுபட்டு வலைபோல் பின்னிய க்ளூட்டன் என்ற கோதுமைப் புரதம். டார்ட், பை, ஸ்கோன் வகைகளில் கதையே வேறு: மாவுக்குள் உருகாமல் கிடக்கும் குளிர்ந்த வெண்ணெய்த் துண்டு ஓவன் சூட்டில் உருகி, அதிலுள்ள நீர் ஆவியாகி, அடுக்கைத் தூக்குகிறது. முதல் மூன்றுக்கும் அடிக்கவும் இழுக்கவும் தெரிந்த இயந்திரம் வேண்டும். கடைசி வகைக்கு வெட்டத் தெரிந்தது வேண்டும்.

இந்த வேறுபாடு பிறவியிலேயே வந்தது. ஸ்டாண்ட் மிக்சரின் முன்னோடி, 1908இல் அமெரிக்காவின் ஹோபார்ட் நிறுவனத்தில் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் உருவாக்கிய 80 குவார்ட் (சுமார் 76 லிட்டர்) மாவு பிசையும் இயந்திரம். கிச்சன்எய்ட் என்ற பெயரில் வீட்டுக்கான வடிவம் 1919இல் வந்தது. ஃபுட் ப்ராசஸரோ பிரெஞ்சு உணவகச் சமையலறைகளில் நறுக்கவும் அரைக்கவும் பயன்பட்ட வெட்டு இயந்திரத்திலிருந்து வந்தது. குயிசினார்ட் நிறுவனம் அதை அமெரிக்க வீடுகளுக்கு 1973இல் அறிமுகப்படுத்தியது. ஒன்று பேக்கரியின் பிள்ளை, மற்றது உணவகத்தின் பிள்ளை. வளர்ந்த இடத்தின் பழக்கம் இரண்டையும் இன்னும் விடவில்லை.

ஸ்டாண்ட் மிக்சரின் பீட்டர் (கலக்கும் துடுப்பு) தன்னைத்தானே சுற்றிக்கொண்டே கிண்ணத்தையும் எதிர்த்திசையில் வலம் வருகிறது. கிண்ணம் அசையாது, வாய் அகலமாகத் திறந்திருக்கும், காற்று தாராளமாக உள்ளே போகும். வேகமும் நிதானமானது, வீட்டு மிக்சர்களில் நிமிடத்துக்குச் சுமார் 60 சுற்றில் தொடங்கி 200-க்குச் சற்று மேல் போகும். ஃபுட் ப்ராசஸரில் மூடிய கிண்ணத்தின் அடியில் கூரான பிளேடு, பல மாடல்களில் நிமிடத்துக்கு 1700 சுற்றையொட்டிச் சுழல்கிறது. மேலிருந்து காற்றை இழுத்துச் சேர்க்கும் அமைப்பே அதில் கிடையாது. அந்த வேகத்தின் உராய்வில் சூடு மட்டும் தாராளமாகச் சேரும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிப்பதை எடுத்துக்கொள்வோம். சர்க்கரைப் பரலின் கூர்முனைகள் வெண்ணெயைக் கிழித்துக்கொண்டு போகும்போது பின்னால் சிறுசிறு காற்றுப் பைகள் உண்டாகின்றன. இதற்கு வெண்ணெய் 18 முதல் 20 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், மேலே எண்ணெய்ப் பளபளப்பு தெரியக்கூடாது. 225 கிராம் வெண்ணெய், 200 கிராம் சர்க்கரைக்குத் தட்டையான பீட்டரைப் போட்டு நடுத்தர வேகத்தில் மூன்று முதல் ஐந்து நிமிடம். நிறம் வெளுத்து, அளவு கூடியது கண்ணுக்குத் தெரியும். நடுவில் இரண்டு முறையாவது நிறுத்தி, கிண்ணத்தின் அடியையும் பீட்டரின் முதுகையும் ஸ்பாட்டுலாவால் வழித்துவிடுங்கள். பீட்டர் எட்டாத அடிக்குழியில் தங்கிய வெண்ணெய், கேக்கில் மஞ்சள் கோடாகவோ எண்ணெய்க் குழியாகவோ வந்து நிற்கும். முட்டை ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வந்தால் கலவை திரிந்துபோகும். அப்போது அளந்து வைத்த மாவிலிருந்தே ஒரு மேசைக்கரண்டி எடுத்துச் சேர்த்தால் கூடி வரும்.

இதையே ஃபுட் ப்ராசஸரில் செய்தால் முப்பது நொடியில் கலந்துவிடும், ஆனால் காற்று ஏறாது. கூடவே வெண்ணெயின் சூடு 23, 24 டிகிரிக்குப் போய்விட்டால் பிடித்த கொஞ்சக் காற்றும் வெளியேறிவிடும். வேறு இயந்திரம் இல்லை என்றால் வரிசையை மாற்றிப் போட்டுத் தப்பிக்கலாம். முட்டையையும் சர்க்கரையையும் முதலில் ஒரு நிமிடம் ஓடவிட்டு, அது வெளுத்துக் கெட்டியானதும் மென்மையான வெண்ணெயைத் துண்டுதுண்டாகச் சேர்த்து, கடைசியில் பேக்கிங் பவுடர் கலந்த மாவைப் போட்டு நான்கைந்து பல்ஸ் (பொத்தானை அழுத்தி உடனே விடுவது) மட்டும். மாவு மறைந்த அடுத்த நொடியே நிறுத்த வேண்டும். இன்னும் பத்து நொடி விட்டால் க்ளூட்டன் இறுகி, கேக்கில் நீளநீளமாகச் சுரங்கப்பாதைகள் விழும். தினப்படி கேக்குக்கு இந்த முறை மோசமில்லை. நெருக்கமான, ஈரமான கேக் கிடைக்கும். உயரம் கொஞ்சம் குறையும்.

முட்டை நுரைக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. வெள்ளைக்கரு அடிக்க ஃபுட் ப்ராசஸருடன் தனியாக ஒரு தட்டு விஸ்க் (நுரை அடிக்கும் உறுப்பு) சில மாடல்களில் கொடுக்கிறார்கள். அதை நம்பி மெரிங்கில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்பாஞ்சுக்கு முட்டையையும் சர்க்கரையையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து 40 டிகிரிக்குச் சூடாக்கி, விஸ்கால் ஐந்து முதல் எட்டு நிமிடம் அடிக்கும்போது, விஸ்கைத் தூக்கினால் கலவை ரிப்பன்போல் விழுந்து சில நொடி மேலே அப்படியே நிற்க வேண்டும். 118 டிகிரிக்குக் காய்ச்சிய சர்க்கரைப் பாகை ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளைக்கருவில் மெல்லிய தாரையாக ஊற்றும் இத்தாலிய மெரிங்குக்கு இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். பாகு விஸ்கின் கம்பியில் பட்டால் தெறித்துக் கிண்ணச் சுவரில் இறுகிவிடும். விஸ்குக்கும் சுவருக்கும் நடுவில் விழும்படி ஊற்றுங்கள். இன்னொன்று: பெரிய கிண்ணத்தில் ஒரே ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை அடிக்கப் பார்க்காதீர்கள். விஸ்க் நுனி அதைத் தொடக்கூடத் தொடாது. இரண்டு மூன்று முட்டையாவது வேண்டும்.

பிரெட் மாவில்தான் போட்டி உண்மையில் நெருக்கமானது. பலர் நினைப்பதற்கு மாறாக, ஃபுட் ப்ராசஸர் நல்ல பிரெட் மாவு பிசையும், அதுவும் ஒரு நிமிடத்தில். இரண்டையும் ஒரே அளவை வைத்துப் பார்ப்போம்: 500 கிராம் மாவு, 325 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட்.

ஸ்டாண்ட் மிக்சரில் மாவு பிசையும் கொக்கியைப் போட்டு, மிகக் குறைந்த வேகத்தில் இரண்டு நிமிடம் கலந்து, பிறகு இரண்டாம் வேகத்தில் ஏழெட்டு நிமிடம். அதற்கு மேல் வேகத்தைக் கூட்டினால் மாவு விரைவாகப் பிசைபடும் என்பது உண்மைதான். கியர்பெட்டி அதைவிட விரைவாகத் தேயும். மாவு கொக்கியில் ஏறிக் கழுத்தைச் சுற்றிக்கொள்வது வழக்கமான தொல்லை. ‘சி’ வடிவக் கொக்கியில் இது அதிகம், ஏனென்றால் அது மாவைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. சுருள் கொக்கி கீழ்நோக்கி அழுத்துவதால் குறைவு. இதற்காக உலர்ந்த மாவைக் கூடுதலாகப் போட வேண்டாம். மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து இருபது நிமிடம் மூடி வைத்துவிட்டு, பிறகு உப்பும் ஈஸ்டும் சேர்த்துப் பிசையுங்கள். மாவு தண்ணீரை முழுதாகக் குடித்துவிடுவதால் ஒட்டுவது குறையும், பிசையும் நேரமும் குறையும்.

ஃபுட் ப்ராசஸரில் உலர்ந்த பொருள்களை மூன்று பல்ஸ் விட்டு, இயந்திரம் ஓடும்போதே மேல்குழாய் வழியாகத் தண்ணீரை முப்பது நொடிக்குள் ஊற்ற வேண்டும். மாவு எவ்வளவு வேகமாகக் குடிக்கிறதோ அவ்வளவு வேகம்; முந்தினால் அடியில் குழம்பாகத் தேங்கி, பிளேடு அதில் வழுக்கிச் சுற்றும். உருண்டை திரண்ட பிறகு 45 நொடி போதும். மாவு பிசைய என்று கொடுக்கும் மழுங்கிய பிளாஸ்டிக் பிளேடைவிட, 400 கிராமுக்குக் குறைந்த மாவில் உலோக பிளேடே ஒழுங்காக வேலை செய்கிறது. பிளேடு க்ளூட்டனை வெட்டிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. வெட்டும், ஆனால் ஓட்டம் குறுகியதாக இருந்தால் மாவு ஓய்வெடுக்கும்போது அறுந்தது திரும்பக் கூடிவிடும். ஒரு துண்டு மாவை விரல்களுக்கு நடுவில் மெல்ல இழுத்தால் கிழியாமல் வெளிச்சம் தெரியும் சவ்வாக வர வேண்டும். அந்தப் பரிசோதனை இரண்டு இயந்திரத்துக்கும் ஒன்றே.

ஃபுட் ப்ராசஸர் பிரெட் கெட்டுப்போவது பெரும்பாலும் சூட்டால்தான். பிசைந்து முடிந்த மாவு 24 முதல் 26 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 30-ஐத் தாண்டினால் ஈஸ்ட் அவசரப்படும், மாவு தளர்ந்து ஒட்டும், சுவை வளர நேரமிருக்காது. பேக்கரிக்காரர்கள் போடும் கணக்கு எளிது. பிசைந்த மாவுக்கு வேண்டிய சூட்டை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து உலர்ந்த மாவின் சூடு, அறையின் சூடு, உராய்வால் கூடும் எண் மூன்றையும் கழித்தால் வருவதே தண்ணீரின் சூடு. வேண்டியது 25, உலர்ந்த மாவும் அறையும் தலா 24, ஸ்டாண்ட் மிக்சரின் உராய்வு எண் 13 என்று வையுங்கள்: 75-இலிருந்து 61 போக 14 டிகிரித் தண்ணீர். ஃபுட் ப்ராசஸருக்கு இந்த உராய்வு எண் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். முதல் முறை ஃப்ரிட்ஜ் தண்ணீரையே ஊற்றி, முடிந்ததும் மாவில் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். அந்த அளவை மூன்றால் பெருக்கி உலர்ந்த மாவு, அறை, தண்ணீர் மூன்றின் சூட்டையும் கழித்தால் உங்கள் இயந்திரத்தின் எண் கிடைத்துவிடும். எழுதி இயந்திரத்தின் அடியில் ஒட்டி வையுங்கள், வேறு யாரும் சொல்லித்தர முடியாத எண் அது.

ப்ரியோஷ்போல வெண்ணெய் நிறைந்த மாவு மட்டும் ஸ்டாண்ட் மிக்சரின் தனிச் சொத்து. 500 கிராம் மாவுக்கு 250 கிராம் வெண்ணெய். மாவும் முட்டையும் முதலில் நன்றாகப் பிசைபட்டு வலை பின்னிய பிறகுதான் வெண்ணெய் உள்ளே போக வேண்டும், அதுவும் ஒவ்வொரு துண்டாக, முந்தியது மறைந்த பிறகு அடுத்தது. மொத்தம் இருபது நிமிட வேலை. ஃபுட் ப்ராசஸர் அவ்வளவு நேரம் ஓடினால் வெண்ணெய் உருகி மாவு எண்ணெயில் மிதக்கும்.

இனி டார்ட் மாவு. இங்கே ஸ்டாண்ட் மிக்சர் தலைகுனிய வேண்டியதுதான். 250 கிராம் மைதா, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்த 125 கிராம் வெண்ணெய். ஒவ்வொன்றும் ஒரு நொடி என்ற கணக்கில் எட்டு முதல் பத்து பல்ஸ். பெரிய துண்டு பட்டாணி அளவுக்கும் சிறியது ரவை அளவுக்கும் வந்ததும் நிறுத்தி, ஐஸ் தண்ணீர் மூன்று மேசைக்கரண்டியை மேலே பரவலாகத் தெளித்து இன்னும் நாலைந்து பல்ஸ். கையில் எடுத்துப் பிடித்தால் பிடி நிற்க வேண்டும்; கிண்ணத்துக்குள் மாவு தானாக உருண்டை திரளக்கூடாது. திரண்டுவிட்டால் தண்ணீரும் பிசைதலும் அதிகமாகிவிட்டன என்று அர்த்தம். சுடும்போது ஓரம் சுருங்கி அச்சுக்குள் இறங்கிவிடும். உதிரி மாவாகவே வெளியே கொட்டி, கையால் அழுத்திச் சேர்த்து, தட்டையாக்கி ஒரு மணி நேரம் குளிரவிடுங்கள்.

கை பழகாதவர்களுக்கு இதைவிடப் பத்திரமான வழி ஒன்று உண்டு. மூன்றில் இரண்டு பங்கு மாவோடு வெண்ணெய் முழுவதையும் சேர்த்து, கட்டி கட்டியாகத் திரளும்வரை ஓடவிட்டு, மீதி மாவைத் தூவி ஐந்தாறு பல்ஸ். பிறகு வேறு பாத்திரத்தில் கொட்டி ஸ்பாட்டுலாவால் தண்ணீரை மடித்துச் சேர்க்க வேண்டும். வெண்ணெய் பூசிய மாவு தண்ணீரைக் குடிக்காது. கடைசியில் போட்ட மாவு மட்டுமே குடித்து க்ளூட்டன் கொடுக்கும். அதனால் பட்டாணி அளவா, மிளகு அளவா என்று கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஸ்டாண்ட் மிக்சரின் தட்டை பீட்டரிலும் டார்ட் மாவு செய்ய முடியும்தான். ஆனால் வெண்ணெய் நொறுங்க மூன்று நான்கு நிமிடம் ஆகும், அதற்குள் சூடேறிவிடும். மாவையும் கிண்ணத்தையும் சேர்த்து முன்கூட்டியே குளிரவைத்தால் சமாளிக்கலாம்.

பருப்பு வகைகளைப் பொடிப்பது, பிஸ்கட்டை நொறுக்குவது, கேரட் துருவுவது, ஆப்பிளை ஒரே தடிமனில் சீவுவது, சாதாரணச் சர்க்கரையைப் பொடிச் சர்க்கரையாக்குவது: ஸ்டாண்ட் மிக்சர் இவற்றில் எதையும் தன் சொந்த உறுப்புகளால் செய்யாது. பாதாம் பொடிக்கும்போது அது எண்ணெய் விட்டுக் களியாகிவிடுவது எல்லோருக்கும் நேர்வது. பருப்பை முன்பே ஃப்ரீசரில் வைத்து, செய்முறையில் உள்ள சர்க்கரை அல்லது மாவிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து, விட்டுவிட்டுப் பல்ஸ் கொடுத்தால் உலர்ந்த பொடியாக வரும். சீஸ்கேக்குக்கும் ஃபுட் ப்ராசஸரே மேல். இங்கே காற்று எதிரி. அடித்துச் சேர்த்த காற்று ஓவனில் உப்பி, வெளியே வந்ததும் அமுங்கி மேற்பரப்பைப் பிளக்கும். க்ரீம் சீஸையும் சர்க்கரையையும் கட்டியில்லாமல் அரைத்துவிட்டு, முட்டையை மட்டும் கடைசியில் இரண்டு மூன்று பல்ஸில் கலந்தால் வழவழப்பாக வரும்.

இப்போது ஒதுக்கி வைத்த எண்களுக்கு வரலாம். வாட் என்பது இயந்திரம் மின்சாரத்தைக் குடிக்கும் அளவு, கொக்கியில் கிடைக்கும் முறுக்குவிசை அல்ல. 300 வாட் இயந்திரம் ஒன்று 1000 வாட்காரனைவிட நிம்மதியாக இறுகிய மாவைப் பிசையலாம். ஃபுட் ப்ராசஸரில் மோட்டார் நேராக பிளேடின் தண்டோடு இணைந்திருக்கிறதா, பெல்ட் வழியாக ஓடுகிறதா என்பது வாட்டைவிட முக்கியம். இன்டக்ஷன் மோட்டார் என்றால் சத்தம் குறைவு, சுமை ஏறினாலும் வேகம் விழாது. ஸ்டாண்ட் மிக்சரில் பார்க்க வேண்டியது கியர்கள் உலோகமா என்பது. சில மாடல்களில் ஒரே ஒரு பல்சக்கரத்தை மட்டும் வேண்டுமென்றே பலவீனமாகச் செய்திருப்பார்கள். சுமை தாங்காதபோது அது முதலில் உடைந்து மோட்டாரைக் காப்பாற்றும். அது மலிவாகக் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கிண்ணத்தின் அளவிலும் ஒரு ஏமாற்று உண்டு. 14 கப் ஃபுட் ப்ராசஸர் என்றால் மூன்றேகால் லிட்டர்தான், அதில் பிரெட் மாவு 500 கிராமைத் தாண்டினால் திணறும். திரவத்துக்குள்ள உச்சக்கோடு இன்னும் கீழே இருக்கும். அதை மீறினால் நடுத்தண்டு வழியாக வழிந்து மேடையெல்லாம் ஓடும். 4.8 லிட்டர் ஸ்டாண்ட் மிக்சர் அந்த 500 கிராமை எளிதாகவே தாங்கும். மாவின் எடையில் 55 சதவீதம் மட்டும் தண்ணீர் விட்டு இறுக்கமாகப் பிசையும் பேகல் (வளைய ரொட்டி) மாவு என்றால் அதிலும் அளவைக் குறைக்க வேண்டும். தலைப்பகுதி கைவைக்க முடியாதபடி சுட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள். இறுகிய மாவோடு ஓடவிட்டு வேறு அறைக்குப் போகாதீர்கள். பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ளதுகூட அதிர்வில் நகர்ந்து மேடை விளிம்புக்குப் போய்விடும்.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு என் பதில் கொஞ்சம் கோணலானது. வாரம்தோறும் பிரெட் சுடுகிறவர்களும், ப்ரியோஷ் செய்கிறவர்களும், மெரிங்கும் அடுக்குக் கேக்கும் செய்து தள்ளுகிறவர்களும் தயங்காமல் ஸ்டாண்ட் மிக்சர் வாங்கலாம். மற்றவர்களுக்கு ஒரு ஃபுட் ப்ராசஸரும் கையில் பிடித்து அடிக்கும் சாதாரண ஹேண்ட் மிக்சரும் சேர்ந்தால் ஸ்டாண்ட் மிக்சர் தனியாகச் செய்வதைவிட அதிகம் செய்யும். வெண்ணெயும் சர்க்கரையும் அடிப்பது, க்ரீம், இரண்டு முட்டை வெள்ளைக்கரு எல்லாமே ஹேண்ட் மிக்சரால் முடியும். கை வலிப்பது மட்டும்தான் விலை. பிசைவதை ஃபுட் ப்ராசஸர் ஒரு நிமிடத்தில் பார்த்துக்கொள்ளும். ஹேண்ட் மிக்சர் இழுப்பறையில் அடங்கிவிடும் என்பதும் சின்ன சமையலறையில் பெரிய காரணம். ஸ்டாண்ட் மிக்சரை அலமாரிக்குள் வைத்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேடையில் நிரந்தர இடமில்லாத ஸ்டாண்ட் மிக்சர் மாதத்தில் ஒருநாள்கூட வெளியே வராது. வாங்கும் முன், தலையைப் பின்னால் சாய்த்தால் மேலலமாரியில் இடிக்குமா என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

ஸ்டாண்ட் மிக்சர் வந்த அன்றே செய்ய வேண்டியது பீட்டரின் உயரத்தைச் சரிபார்ப்பது. காலிக் கிண்ணத்தில் ஒரு மெல்லிய நாணயத்தைப் போட்டு, தட்டை பீட்டரை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். பீட்டர் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் நாணயம் சற்றே நகர வேண்டும். அசையவே இல்லையென்றால் பீட்டர் உயரமாக இருக்கிறது, அடியில் மாவு கலக்காது. நாணயத்தை இழுத்துக்கொண்டு சுற்றினால் கிண்ணத்தைச் சுரண்டும். தலை சாயும் மாடல்களில் கீல் அருகே உள்ள திருகாணியைக் கால் சுற்று திருப்பினாலே சரியாகிவிடும். பூச்சில்லாத அலுமினிய பீட்டரை டிஷ்வாஷரில் போட்டால் கறுத்து, தொட்ட இடமெல்லாம் சாம்பல் மை ஒட்டும். கையால் கழுவி உடனே துடையுங்கள்.

ஃபுட் ப்ராசஸர் பிளேடைச் சோப்புத் தண்ணீரில் மூழ்கவிட்டுப் போகவே கூடாது. நுரைக்குள் கைவிட்டுத் தேடும்போதுதான் விரல் அறுபடும். பிளேடின் நடுக்குழாயில் அடைத்த மாவைக் காயும் முன் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். அந்த பிளேடு மழுங்கிவிட்டதை டார்ட் மாவு முதலில் காட்டிக்கொடுக்கும்: அதே வெண்ணெய், அதே குளிர், ஆனால் பத்து பல்ஸுக்குப் பிறகும் துண்டுகள் வெட்டுப்படாமல் நசுங்கி மாவோடு ஒட்டும். வீட்டில் சாணை பிடிக்க முயல வேண்டாம். இரு பக்கமும் சமனிழந்து தண்டு ஆடத் தொடங்கும். பிளேடு தனியாகவே கிடைக்கிறது, மாடல் எண்ணைச் சொல்லிப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.